மாமாவின் உயிலும் மூன்று கொட்டேஷனும்

மாமாவுக்கு உயில் எழுதும் ஆசை வந்தது கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று. வீட்டுக்கு வந்ததும் வாயில் பஞ்சோடு எனக்கு போன் செய்தார். பேசியதில் பாதிதான் புரிந்தது.

"பாப்பா, ஒண்ணொண்ணா கழல ஆரம்பிச்சிடுச்சு. முழுசா போறதுக்குள்ள எழுதிடணும். நல்ல புக்கா பாத்து வாங்கிட்டு வா."

"என்ன புக்கு மாமா?"

"உயில் எழுதுற புக்கு. யாரையும் கேக்காம நாமளே எழுதிக்கிற மாதிரி."

எனக்கு வயது ஐம்பத்தைந்து. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேதான் அந்த போனை எடுத்தேன். அம்மாவின் தம்பியான அவருக்கு மட்டும் நான் இன்றைக்கும் பாப்பா.

புத்தகம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஓர் ஆணிகூட வாங்க மாட்டேன். விற்க வருகிறவர்கள் என் மேஜைக்கு வரும்போதே முகம் தொங்கிப்போய் வருவார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம், மறைப்பானேன். மாமாவுக்கும் என் உத்தியோகத்தின் மீது அபார மரியாதை. மிக்சியா, மெத்தையா, எது வாங்குவதென்றாலும் என்னிடம்தான் வருவார். சாவுக்கும் என்னிடமே வந்துவிட்டார்.

வக்கீலிடம் போகலாமே என்றேன். வந்தது கோபம்.

"வக்கீலா? மரத்து விஷயமா ஒருத்தன் வந்தானே, நாலு பழத்தைத் தின்னுட்டு, சமாதானமா போங்க சார்னு சொல்லிட்டுப் போனானே, மறந்துட்டியா? சமாதானமா போறதுக்கு எனக்கு வக்கீல் எதுக்கு?"

மரம் என்றால் பட்டர் ஃப்ரூட் மரம், சிலர் அவகாடோ என்பார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் மாமாவின் பழைய வீட்டுக் காம்பவுண்டில் நிற்கிறது. அதன் பாதிக் கிளை பக்கத்து வீட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். காய் ஒவ்வொன்றும் அரைச் செங்கல் கனம். அது விழுவது பக்கத்து வீட்டுக்காரரின் கார் மேல். அந்த மனுஷர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளையை வெட்டு என்பார் அவர். காரை நகர்த்து என்பார் மாமா. இருவரும் தினமும் காலையில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சத்தம் போட்டுவிட்டுத்தான் டிபன் சாப்பிடப் போவார்கள். அதைத் தவிர இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

உயில் என்பது மாமாவுக்கு விளையாட்டு இல்லை. அந்த வீட்டில் அவரோடு இருப்பது அவருடைய மூத்த மருமகள். மூத்தவன், என் மாமா மகன், காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அவள் தன் அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டாள். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். காலையில் மாமாவுக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டுப் போவாள், மாலையில் வந்து மாத்திரையை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பாள். இளையவன் கனடாவில். கெட்டவன் இல்லை. வாரம் தவறாமல் பேசுவான். ஆனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பில்டரிடம் வந்து முடியும். இடித்துவிட்டு நான்கு மாடி கட்டலாம் என்பான். அண்ணி என்ன செய்வாள் என்று மாமா கேட்டால், அவங்க ஆம்பூர்ல அவங்க தம்பி வீட்டுக்குப் போகலாமேப்பா என்பான். அவளுடைய தம்பி வீட்டில் கால் நீட்டிப் படுக்கவே இடம் கிடையாது.

உயில் இல்லாமல் மாமா கண்ணை மூடினால், எங்கள் கிறிஸ்தவர்களுக்கான சட்டப்படி வீடு முழுக்க இளையவனுக்குப் போய்விடும். பிள்ளை இல்லாத விதவை மருமகளுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. இது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. சட்டத்தில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவள் வாயைத் திறந்ததில்லை.

அந்த வீட்டில் மாமாவின் சட்டம் ஒன்று தனியாக உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பழைய காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, அடித்தால் கைப்பிடி கைப்பிடியாக உதிரும் என்பார். அதனால் அவள் தன் புருஷன் படத்தை ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருந்தாள். யாராவது ஃப்ரிட்ஜ் கதவை வேகமாகச் சாத்தினால் அவன் குப்புற விழுந்துவிடுவான். அவள் வந்து நிமிர்த்தி வைப்பாள். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஆணி வாங்குகிறவளின் சொந்தத்தில் ஓர் ஆணிக்குப் பஞ்சம்.

சனிக்கிழமை சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு பழைய புத்தகக் கடை. உயில் புத்தகங்கள் எங்கே என்று கேட்டதும் கடைக்காரர் என் உடம்பை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுய முன்னேற்றம் அலமாரியைக் காட்டினார். முதல் தட்டில் உடம்பு இளைப்பது எப்படி. அடுத்த தட்டில் பணக்காரர் ஆவது எப்படி. அதற்கும் கீழே, குனிந்து எடுக்கிற தட்டில், உயில், டிரஸ்ட், புரோபேட். இளைத்து, சம்பாதித்து, போய்ச் சேருவது என்று ஒரு முழு வாழ்க்கையை ஒரே மர அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து புரட்டினேன். என் வழக்கப்படி மூன்றை எடுத்தேன்.

முதலாவது அமெரிக்கப் புத்தகம். அட்டையில் வெள்ளை ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழத் தம்பதி புல்தரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாகப்போகிற சந்தோஷம் அவர்கள் முகத்தில் அப்படிப் பொங்கியது. இரண்டாவது தமிழ்ப் புத்தகம், ஒல்லி, பெரிய எழுத்து, கேள்வி பதில் பாணி. மூன்றாவது காக்கி நிற அட்டை போட்ட, தலையணை கனத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம். நம் நாட்டு வாரிசுரிமைச் சட்டத்துக்கு வரிக்கு வரி விளக்கம். படம் கிடையாது, சிரிப்பு கிடையாது, எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருந்தது.

மாமா மூன்றையும் டைனிங் டேபிளில் வரிசையாக வைத்து, மாப்பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்தார். காக்கியைத் தூக்கிப் பார்த்து உடனே கீழே வைத்துவிட்டார்.

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள உயில் அமலுக்கு வந்துடும் பாப்பா. நீயே வெச்சுக்கோ."

நானும் கொண்டுபோய் என் வீட்டுத் தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் கொடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு பொருளை வாங்கிவிட்டால் அதை வீணாக்க எனக்கு மனசு வராது.

அடுத்து வந்தது அமெரிக்கக் காலம். மாமா அந்தப் புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். புரோபேட் என்றால் உயிலைக் கோர்ட்டில் காட்டி, இது நிஜம்தான் என்று முத்திரை வாங்குவது. அமெரிக்காவில் அது இழுத்தடிக்கும், சொத்தையே கரைத்துவிடும் என்று அந்தப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்தியிருந்தது. மாமாவுக்கு அது ஒரு வியாதியாகவே மனதில் பதிந்துவிட்டது. சர்ச்சில் ஆராதனை முடிந்து நிற்கும்போது யாராவது செத்துப்போன செய்தி வந்தால், "புரோபேட் இருந்துச்சா?" என்று கவலையாகக் கேட்பார். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் நடுவில் இது என்ன புதுசாக என்று அவர்கள் முழிப்பார்கள்.

அதைத் தவிர்க்க அந்தப் புத்தகம் சொன்ன வழி, உயிரோடு இருக்கும்போதே ஒரு டிரஸ்ட் அமைத்து வீட்டை அதன் பேருக்கு மாற்றுவது. மாமா ஒரு வாரம் டிரஸ்டியாக நடமாடினார். பால்காரம்மாவிடம் டிரஸ்ட் சார்பாகப் பேசினார். அப்புறம் ஒருநாள் நான்தான் புத்தகத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன். அங்கே மாகாணம் மாகாணமாக ஓர் அட்டவணை. அதில் கர்நாடகா இல்லை.

"நீ முதல்லயே பாக்கலையா?" என்றார் மாமா.

உறைத்தது. எந்த ஊர் மரைக்கு எந்த ஊர் போல்ட் என்று பார்க்காமல் ஒரு லாரிச் சரக்கு இறக்கியவளைப்போல நின்றேன். ஸ்வெட்டர் தம்பதி அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தமிழ்ப் புத்தகத்துக்கு வந்தார். படிக்க சுகமாக இருந்தது அவருக்கு. அதில் பாதிப் பக்கம் பூர்வீகச் சொத்து, கூட்டுக் குடும்பம், பங்காளிகள். இதெல்லாம் நமக்கு இல்லை என்று பக்கங்களைத் தள்ளிவிட்டு, உயில் எழுதும் முறை என்ற அத்தியாயத்தில் உட்கார்ந்தார். சுத்தமான வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும், பதினெட்டு வயது ஆனவர் யாராக இருந்தாலும் சரி. பயன் பெறுகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் உயில் கெட்டுப்போகாது, தவிர்ப்பது நல்லது, அவ்வளவுதான். அவர் அதற்கும் கோடு போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வீடு மருமகளுக்கு என்று நான்கு வரியில் முடித்துவிட்டார். பாங்கியில் இருப்பது இளையவனுக்கு. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எழுதுகிற ருசி வந்துவிட்டது. அலுமினிய ஏணி, அவரோடு சர்ச் பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடும் நண்பருக்கு. சுவர்க் கடிகாரம் பால்காரம்மாவுக்கு. ரேடியோ, எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு. மூங்கில் நாற்காலி இரண்டு, கோடி வீட்டு அம்மாவுக்கு ஒன்று, அவர் தங்கைக்கு ஒன்று. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லை. வேண்டுமென்றே விட்டது ஒரே ஒரு ஆளை. பக்கத்து வீட்டுக்காரரை.

எனக்கு மாமியின் அச்சு. கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுடுகிற பித்தளை அச்சு, நீளக் கைப்பிடி போட்டது. எண்ணெயில் காய்ந்து காய்ந்து பழகின அச்சு. மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டால் முறுக்கு தானாகக் கழன்று மிதக்கும். கடையில் வாங்குகிற அச்சில் கத்தியால் நெம்ப வேண்டும். மாமி இருந்த காலத்திலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண். வருஷா வருஷம் இரவல் வாங்கி, மனசே இல்லாமல் திருப்பிக் கொடுத்துவந்தேன். உயிலில் என் வரியைப் படித்தபோது, மாமா நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்த அதே மனசு, அப்புறம் அச்சு நம்முடையது என்றும் சொல்லிக்கொண்டது. மனசு அப்படித்தான்.

கையெழுத்துப் போடும் நாள் குறித்தார். சாட்சியாக நானும் பாடகர் நண்பரும் என்று பேச்சு.

எங்கள் ஆட்களிடையே சாட்சிக் கையெழுத்து என்பது என்ன என்று சொல்லியாக வேண்டும். சர்ச் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் ரிஜிஸ்தரில் சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். யாரைக் கூப்பிட்டார்கள், யாரை விட்டார்கள் என்பது பிரியாணியைவிடப் பெரிய விஷயம். சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பெரியப்பாவை விட்டதால் ஒரு தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்கள் எங்கள் சபையில் உண்டு. அது ஒரு கிரீடம். அதனால் மாமா என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்புடவை எடுத்து வைத்தேன்.

அன்று பார்த்து பீன்யாவில் ஆடிட். கிளம்ப முடியவில்லை. வந்துகொண்டே இருக்கிறேன், இருங்கள் என்று மாமாவுக்கு போன் போட்டேன். மெட்ரோவில் வந்து, ஆட்டோ பிடித்து, புடவை கசங்க ஓடிப்போய் நின்றால், எல்லாம் முடிந்து அவர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல நேரத்துல பேனா எடுத்தாச்சு பாப்பா, வெக்க மனசு வரல," என்றார் மாமா. "உனக்குப் பதிலா மருமகளைப் போடச் சொல்லிட்டேன். யோசிச்சுப் பாத்தா அதான் முறை. வீட்டுல இருக்கிறவளை விட்டுட்டு ஊரைக் கூப்பிட்டா அவளுக்கு என்ன மரியாதை?"

அவள் சமையலறை வாசலில் நின்றாள். கையில் இன்னும் பேனா இருந்தது. முகம் சிவந்திருந்தது. அந்த வீட்டில் அவளை எதற்கும் முன்னால் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அது எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கிரீடத்தை அவள் தலையில் வைத்துவிட்டார்கள் என்பதுதான். கேக் வேண்டாம், சர்க்கரை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றியதும் முதல் வேலையாகத் தையல் மெஷினைத் தூக்கி, காக்கிப் புத்தகத்தை உருவினேன். அந்த உயிலில் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தேதி போடும் விதம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, எதிலாவது மாட்டுவார் என்று சாட்சி அத்தியாயத்தை எடுத்து எறும்பெழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

மாட்டினார். ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. உயிலில் பயன் பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதிய சொத்து அவருக்குப் போகாது. அந்த விதி இந்துக்களுக்கு இல்லை, எங்களுக்கு உண்டு என்று அடியில் ஒரு பொடி வரி. தமிழ்ப் புத்தகம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியது எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். மறுபடியும் மரை மாறிப்போயிருந்தது.

கையெழுத்துப் போடக் கூப்பிட்ட மரியாதையில் மாமா தன் கையாலேயே வீட்டை மருமகளிடமிருந்து பிடுங்கிவிட்டார். அன்றைக்கே அவர் போயிருந்தால் வீடு இளையவனுக்கு, அவனிடமிருந்து பில்டருக்கு, அவள் ஆம்பூருக்கு. என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போட்டிருந்த நைட்டி மேல் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

மாமா விஷயத்தைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் அவளைப் பெருமைப்படுத்தத்தானே பாப்பா கூப்பிட்டேன்," என்றார். இரண்டு தடவை அதையே சொன்னார். அவள் உள்ளே போய், உயில் வைத்த கவரை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தாள்.

"மாமா கூப்பிட்டாங்க, போட்டேன் அக்கா. கிழிச்சிடுங்க," என்றாள். அப்புறம் கவரை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "பேனா புடிச்சப்போ நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதிதாக எழுதியாயிற்று. எழுத்து அதே எழுத்துதான். சாட்சிக்கு ஆள் தேடும்போதுதான் மாமாவின் தாராள மனசு குறுக்கே வந்து நின்றது. தெருவில் அத்தனை பேருக்கும் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்துப் போடுகிறவருக்கு எழுதியது போய்விடும். பாடகர் நண்பரிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், ஏணியா கையெழுத்தான்னு கேட்டா, என் வீட்டு டேங்க் மேல இருக்கு."

அவருக்கு எழுதியது ஏணி என்பதே அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது. செய்தி பரவியதும் ஒவ்வொருவரும் எனக்கென்ன எழுதியிருக்கு என்று விசாரிக்க வந்தார்கள். எலக்ட்ரீஷியன் ரேடியோவை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

எங்கள் ஆபீசில் யாரையாவது கூட்டி வரட்டுமா என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. முன்னப்பின்ன தெரியாதவன் முன்னால் தன் சாவைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்கிறதாம். நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால் இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்கிற ஆளாக, பக்கத்திலேயே இருக்கிற ஆளாக வேண்டுமாம். அது காக்கிப் புத்தகத்திலும் இருந்தது, மறுக்க முடியவில்லை.

"முதல் கையெழுத்து நான் போடுறேன்," என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "அச்சு?"

"போனா போகுது."

சொல்லிவிட்டேனே தவிர கண் சமையலறை அலமாரிப் பக்கமே போனது. ஒரு பித்தளை அச்சுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் கடை அச்சில் முறுக்கு நெம்பிப் பார்க்கட்டும்.

இரண்டாவது ஆள் யார்? மாமாவும் நானும் யோசித்தோம். அப்போது வெளியே ஒரு காய் பொத்தென்று விழுந்தது. கார் அலாரம் அலறியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் எழும்பியது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மாமா, இந்தத் தெருவுல நீங்க ஒண்ணுமே எழுதாத ஆள் அவர் ஒருத்தர்தான்."

"அவன் முன்னாடி போய் நிக்கிறதுக்கு நான் புரோபேட்லயே சாகலாம்."

"சாகுறது நீங்க இல்ல மாமா, தெருவுல நிக்கப்போறது அவன் பொண்டாட்டி," என்று சொல்லி, ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே அவர் மூத்த மகன் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

மேனேஜர் கதவைத் திறந்தவர், மாமா கையில் காகிதத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார். மூன்று தலைமுறையாக பெங்களூர்வாசி. கோபம் வந்தால் பாதி கன்னடத்தில் வரும்.

"ஏனு? கேஸா? போடுங்க. நானும் பாக்கறேன்."

நான் குறுக்கே புகுந்து விஷயத்தைச் சொன்னேன். வீடு யாருக்கு, ஏன், கையெழுத்து எதற்கு என்று எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவருக்கு மேலே எட்டி மாமா வீட்டுப் பக்கம் பார்த்தார். அவள் பள்ளிக்கூடத்துப் பையோடு முற்றத்தில் நின்றிருந்தாள்.

"அந்தப் பொண்ணு தினம் என் கார் மேல விழுந்ததைப் பொறுக்கி, துடைச்சுட்டுப் போவாங்க. இவர் ஒருநாள் செஞ்சதில்ல," என்றார். "வரேன். ஆனா புத்தி தெளிவா இருக்குன்னு சாட்சி சொல்லணுமே, இவருக்கு இருக்கா?"

மாமா வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"இருக்கு, இருக்கு," என்று மேனேஜரே பதிலும் சொன்னார். "எந்தக் காய் எந்த மாசம் எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு இவர் ஒண்ணை மறந்ததில்ல. எந்த கோர்ட்ல வேணா வந்து சொல்றேன். இவ்ளோ தெளிவா சண்டை போடுற ஆளை நான் பாக்கல."

டைனிங் டேபிளில் உட்கார்ந்தோம். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். அவளை உள்ளே போகச் சொன்னேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, என் பயம் சொன்னது. சமையலறையில் அவள் பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா பேனாவை எடுத்துவிட்டு அந்தப் பக்கமே பார்த்தார்.

"யாருக்காக எழுதுறேனோ அவளை வெளியே நிறுத்திட்டு எழுதுறேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டார். நாங்கள் இருவரும் பார்த்தோம், பிறகு நாங்களும் போட்டோம்.

"ஆய்த்து, முடிஞ்சது," என்று மேனேஜர் பேனாவை மூடினார்.

மாமாவுக்கு மனசு பொங்கிவிட்டது. "சார், உங்களுக்கு நான் ஏதாவது எழுதணும். அந்த மூங்கில் நாற்காலி..."

"மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் அலாரம் மறுபடி அலறும் என்று நினைத்தேன். காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, கவரில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் போகும்போது கையில் ஒரு கூடைப் பழம் போனது. மறுநாள் காலையில் வழக்கம்போலச் சுவரருகே சண்டை நடந்தது. ஆனால் நடுவில் மாமா அவரிடம் டிபன் ஆயிற்றா என்று கேட்டதாகத் தகவல்.

இதற்கிடையில் உயில் புத்தகம் வாங்கிய அனுபவசாலி என்று எனக்குச் சபையில் பெயர் பரவிவிட்டது. ஆலோசனைக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் ஒன்றுதான் சொல்கிறேன். அட்டையைப் பார்க்காதீர்கள். சிரிக்கிற கிழவர்களை நம்பாதீர்கள். அது எந்த ஊர்ப் புத்தகம், யாருடைய சட்டம் என்று பாருங்கள். பிறகு சாட்சி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அப்புறமும் ஒரு தடவை வக்கீலிடம் காட்டுங்கள், பழம் கொடுத்தாவது.

அடுத்த சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். அச்சு. எண்ணெய் தடவித் துடைத்திருந்தாள்.

"உயில்ல வந்தாத்தானே செல்லாதாம்? மாமா கையிலேயே குடுத்துடச் சொன்னாங்க," என்றாள்.

அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எதையோ கேட்க வந்து, கேட்காமல், மறுபடி டம்ளரை எடுத்தாள்.

"அக்கா, உங்க ஆபீஸ்ல பெரிய ஆணி கிடைக்குமா? பழைய சுவத்துக்கு ஏத்த மாதிரி?"

"எத்தனை வேணும்?"

"ஒண்ணு."

வாழ்க்கையில் முதல்முறையாகக் கொட்டேஷன் கேட்காமல் ஒரு பொருள் வாங்கினேன். பீன்யாவில் இருந்த நல்ல எஃகு ஆணியில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனால், ஹாலில் அவள் ஸ்டூல் மேல் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தாள். ஸ்டூலை ஒரு கையால் ஆடாமல் பிடித்துக்கொண்டு கீழே மாமா. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, மறு கையால் மூத்தவன் படத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"இடது பக்கமா, கொஞ்சம் மேல அடிம்மா," என்றார். "உன் வீட்டுச் சுவர், பாத்து அடி."

அவள் அடித்தாள்.